சித்திரைக்குச் சாயம் அடிக்காத வீடு

அத்தை வீட்டு கிரில் கேட்டில் சேறு இழுத்து வைத்திருந்த கோட்டுக்கு டேப் பிடித்துப் பார்த்தேன். தரையிலிருந்து 31 அங்குலம். உள்ளே சுவரில் ஈரம் அதற்கும் மேலே ஏறியிருந்தது. கையை வைத்தால் சில்லென்று இருக்கும் இடம் 40 அங்குலம் வரை போனது. செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை மேலே இழுக்கும்.

2023 மார்ச் வெள்ளம். மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுக்க 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில் படுத்திருந்த வாரம் அது. சிகாமட் வட்டாரத்துக்கு நல்ல அடி. அத்தை வீடு லாபிஸ் பக்கம். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) போய் செம்பனை வந்த பிறகு, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வெளியே வந்தவர்கள் கட்டிக்கொண்ட மலிவு விலை வீட்டு வரிசை. இரண்டு அறை, ஒரு ஹால், பின்னால் குசினி. ஹாலில்தான் அத்தையின் தையல் கடை. பள்ளிச் சீருடை, தாவணி, ஜாக்கெட் எல்லாம் அங்கேதான். ஆக எனக்கு வீடு ஒன்று, கடை ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வேலை.

பாசிர் கூடாங்கில் 22 வருஷம் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருந்தவன் நான். பம்பு, மோட்டார், பைப்பு என்றால் பழக்கம் உண்டு. நனைந்த வீட்டைக் காயவைத்தது இதுதான் முதல் தடவை.

நான் போய் இறங்கியது மார்ச் 7. தண்ணீர் மூன்று நாள் நின்று வடிந்திருந்தது. அத்தை வாசலில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"சித்திரைக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு தம்பி. கழுவிட்டு சாயத்த அடிச்சிட்டா முடிஞ்சிரும்லா?"

"பாக்கலாம் அத்தை" என்றேன். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலில் மெயின் சுவிட்சை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, பெட்டியின் மேல் டேப் ஒட்டினேன். அடுத்தது படம். ஒரு பொருளையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்து போனில் எடுத்தேன். சுவர்க் கோட்டுக்குப் பக்கத்தில் டேப்பை விரித்து வைத்தும் எடுத்தேன். வாங் இசான் என்கிற அரசாங்க வெள்ள உதவி, 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மனுப் போடும்போது அது உதவியது. காப்புறுதி இருந்தால் இன்னும் உதவியிருக்கும். பேங்க் லோனோடு வருகிற தீக்காப்புறுதியில் வெள்ளம் தானாகச் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். அத்தை லோன் முடித்தே பத்து வருஷம் ஆகிறது, அதனால் தீக்குக்கூட ஒன்றும் இல்லை.

சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும், காய்ந்தால் சிமெண்டு. மச்சானும் நானும் சுவரை மேலிருந்து கீழே கழுவி, ரப்பர் தள்ளுகோலால் சேற்றை லோங்காங் (சாக்கடை) வரைக்கும் தள்ளினோம். பூட்ஸ், தடித்த கையுறை, கொரோனா காலத்தில் மிஞ்சிய என்95 மாஸ்க். ஆற்று வெள்ளத்தில் செப்டிக் டேங்க் இருக்கும், எலி மூத்திரம் இருக்கும், கடை எண்ணெய் இருக்கும். கீறல் பட்ட கையோடு அதில் நிற்கக் கூடாது. மச்சானுக்கு எட்டாம் நாள் காய்ச்சல் வந்தபோது, கிளினிக்கில் முதல் வார்த்தையாக "வெள்ளத்துல நின்னேன்" என்று சொல்லச் சொன்னோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எலிக்காய்ச்சல் இல்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. மச்சான் மனைவி குளியலறைத் தரையில் குளோராக்ஸ் (வெளுப்பான்) ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை போகவில்லை என்று அதன் மேலேயே கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கவிழ்த்துவிட்டார். இருமிக்கொண்டே ஓடிவந்தார், ஹாலில் நின்ற எனக்கே தொண்டை கரித்தது. வருவது குளோரின் வாயு. குளோராக்ஸோடு ஆசிட், வினிகர், அமோனியா எதுவுமே சேரக் கூடாது. முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் அலசல், கடைசியில் மட்டும் குளோராக்ஸ், ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். அதுவும் ஓடு, சிமெண்டு போன்ற இடத்துக்குத்தான். பலகையில் ஊற்றினால் மேல் கறுப்பு வெளுக்கும், கலந்த தண்ணீர் உள்ளே இறங்கிப் பூஞ்சணத்துக்குத் தீனியாகும்.

மெத்தை, சோபா, மரத்தூள் பலகையில் செய்த இரண்டு அலமாரி, குசினி கேபினட் எல்லாம் வீதிக்குப் போயின. மரத்தூள் பலகை தண்ணீர் குடித்தால் பிஸ்கட் மாதிரி உப்பும், திரும்பி வராது. தோட்டத்துக் காலத்துக் கட்டிப் பலகை அலமாரி ஒன்று மட்டும் கதவு இறுகிப்போய் நின்றது. அதை வைத்துக்கொண்டோம்.

நடு அறையைப் பிரித்திருந்த பிளைவுட் தடுப்பில் நாலாம் நாளே கறுப்புப் புள்ளி வந்துவிட்டது. நம் ஊர் வெக்கைக்கு 24 மணியிலிருந்து 48 மணி நேரம் போதும் என்பார்கள், அப்படியேதான் ஆனது. அதை 48 அங்குலத்தில் அறுத்தேன். ஈரம் 40 வரை, எட்டடிப் பலகையைப் பாதியாக அறுத்தால் சரியாக நாலடி, ஒரு பலகையில் இரண்டு துண்டு. அறுக்கும்போது மாஸ்க், அறுத்த துண்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வெளியே. தூசியை வீடு முழுக்கப் பரப்பினால், ஒரு அறைப் பூஞ்சணத்தை நாலு அறைக்கும் விருந்துக்கு அழைத்த மாதிரி.

வயரிங் என் கையில் இல்லை. உரிமம் உள்ள வயர்மேன் ஒருவரை மச்சான் கூட்டிவந்தார். 13 ஆம்பியர் பிளக் பாயிண்டைக் கழற்றினால் பித்தளைக்குப் பின்னால் சேறு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. சுவருக்குள் போகும் பிவிசி குழாயின் அடிவளைவில் தண்ணீர் அப்படியே நின்றது. காற்று ஊதி வெளியேற்றினார். வயரில் மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் மெகர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் பார்த்தபோது குசினி வரிசை 0.2 மெகாஓம் காட்டியது. குறைந்தது 1 இருக்க வேண்டும். கீழ் வயர், பாயிண்ட் எல்லாவற்றையும் மாற்றி, பாயிண்டுகளை நாலரை அடிக்கு ஏற்றினோம். அதற்குப் பிறகுதான் கரண்ட்.

எதிர்வரிசையில் ஒரு வீட்டில் இந்தப் பொறுமை இல்லை. தண்ணீர் வடிந்த அன்றைக்கே பிரிட்ஜைச் செருகினார்கள். பாயிண்டில் தீ பிடித்து, ஈரத்துணி போட்டு அணைத்ததில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுவரில் கறுப்புப் புகை. ஈரத்துணியால் துடைத்தார்கள், புகைக்கரி சுவர் முழுக்க மையாகப் பரவிவிட்டது. புகைக்கரியை முதலில் உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் ஒரே பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும், நீர் அதற்குப் பிறகு. அந்த ஸ்பாஞ்சு இயற்கை ரப்பரில் செய்வது. மூன்று தலைமுறை பால் வெட்டிய ஊரில் அந்த ஸ்பாஞ்சு ஒன்று கிடைக்கவில்லை, ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன்.

கரண்ட் வந்த பிறகுதான் என் பெரிய தப்பு. கோயில் மண்டபத்திலிருந்து இரண்டு பெரிய ஸ்டாண்டு விசிறி வாங்கிவந்து, எல்லா ஜன்னலையும் திறந்து போட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காற்று வந்தால் காயும் என்பதுதானே கணக்கு. மூன்று நாள் காலையிலும் 25 வெள்ளி ஈரமானி காற்றின் ஈரம் 94, 95 சதம் என்று காட்டியது. சுவர் அப்படியே இருந்தது.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. மதியம் 33 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 36 கிராம் வரை நீரைத் தாங்கும். விடியற்காலை 24 டிகிரியில் 22 கிராம்தான் தாங்கும். நம் ஊர்க் காற்றில் பகலிலும் ராத்திரியிலும் இருக்கிற நீர் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஏறத்தாழ 20 கிராம். மதியத்தில் அது முக்கால் வயிறு நிரம்பாத காற்று, சுவரிலிருந்து இன்னும் குடிக்கும். ராத்திரியில் கழுத்து வரை குடித்துவிட்ட காற்று. அதை விசிறி வைத்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் நான்.

அதன் பிறகு முறையை மாற்றினேன். காலை பதினொன்றிலிருந்து நாலு வரை, மழை இல்லையென்றால், ஜன்னல் திறப்பு, விசிறி சுவரோடு ஒட்டி ஓட்டம். ஐந்து மணிக்கு எல்லாம் பூட்டு. ராத்திரிக்கு, ஜொகூர் பாருவில் கூட்டாளி ஒருவரிடம் இரவல் வாங்கிய டிஹியூமிடிபையர், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் மெஷின். முதல் ராத்திரி அதன் தொட்டியிலிருந்து வாளிக்குக் கவிழ்த்தது 9 லிட்டர். அத்தை வாளியை எட்டிப் பார்த்து, "இவ்வளவுமா செவத்துல இருந்துச்சு?" என்றார். அன்றுதான் முதல்முறை சாயத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து 3 லிட்டர். ஐந்தாம் வாரம் ஒரு லிட்டருக்கும் கீழே.

இடையில் தையல் மெஷின். பழைய கறுப்பு சிங்கர், வார்ப்பிரும்புத் தலை, காலால் மிதிப்பதை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தது. மேஜை இழுப்பறையைத் திறந்ததும் ஒரு பூரான் ஓடியது. பாபின் கூட்டைக் கழற்றினேன். உள்ளே சேறு பாபின் வடிவத்திலேயே அச்சாக நின்றது, நடுவில் சிவப்பு நூல் ஒரு சுற்று. சுத்தத் தண்ணீர் பீய்ச்சி எல்லாச் சேற்றையும் வெளியே எடுத்தேன். நனைந்ததை மறுபடி நனைக்கிறானே என்று மச்சான் முகம் சுளித்தார். சேறு உள்ளே இருக்க எண்ணெய் விட்டால் அரைக்கிற மாவாகிவிடும். அப்புறம் தலையை மண்ணெண்ணெய்த் தட்டில் ஒரு ராத்திரி கவிழ்த்துப் போட்டு, தூரிகையால் ஒவ்வொரு துளையாகத் தேய்த்து, துடைத்து, மெஷின் எண்ணெய். சக்கரத்தைக் கையால் சுற்றச் சுற்ற முதலில் கரகர, அப்புறம் கறுப்பு எண்ணெய் வழிந்தது, நாலாம் தடவை எண்ணெய் வெளுப்பாக வந்தது. மோட்டாரைத் திறந்து கழுவி, அட்டைப்பெட்டிக்குள் 60 வாட்ஸ் குண்டு பல்பு வைத்து மூன்று நாள் காயவிட்டு, வயர்மேனின் மெகரில் தேறிய பிறகுதான் செருகினேன். அத்தை ஒரு கந்தல் துணியைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். தையல் நேராக வந்தது. "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று நூல் திருகைத் திருப்பிக்கொண்டார். அது எப்போதும் அவர் சொல்வதுதான்.

சித்திரை நெருங்கியது. நான் சுவரில் 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு ராத்திரியும் அடுத்த நாள் காலையும் விட்டேன். 16 மணி நேரமாவது இருக்க வேண்டும். கான்கிரீட் தரைக்கென்று உள்ள சோதனை அது, சுவருக்கும் உண்மை சொல்கிறது. மூன்றாம் வாரம் பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஏப்ரல் 12 அன்று மறுபடி வைத்தேன். சொட்டு இல்லை, ஆனால் பனிமூட்டம். கதவு நிலைக்கு ஊசி மீட்டர் வைத்தால் 24 சதம். முதல் வாரம் 38 இருந்தது. நம் ஊரில் வீட்டுக்குள் நன்றாகக் காய்ந்த மரமே 14, 17 என்றுதான் நிற்கும். இன்னும் வழி இருந்தது.

அத்தைக்குக் கோபம். "பக்கத்து வீட்ல மூணாவது வாரமே சாயம் அடிச்சிட்டாங்க. நம்ம வீடு மட்டும் சித்திரைக்கு சொறி புடிச்ச மாதிரி நிக்கணுமா?" பக்கத்து வீட்டில் ஒரு கான்ட்ராக்டர் வந்து இரண்டே நாளில் சுவரைக் கழுவி, அடிப்பூச்சு, அதன் மேல் பளபளக்கிற எண்ணெய்ச் சாயம் என்று முடித்துவிட்டுப் போயிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என்ன சொல்ல? வாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்டி, அந்த ஈரச்சுவருக்கு முன்னாலேயே சித்திரைப் பொங்கல் வைத்தோம். வந்தவர்களிடம் அத்தை, "மருமவன் காயட்டுங்கிறான்" என்று ஆளாளுக்குச் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் பக்கத்து வீட்டுச் சுவரில் அப்பளம் பொரிந்த மாதிரி சாயம் உப்பத் தொடங்கியது. ஒன்றைக் குத்தினால் உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. அதற்குக் கீழே வெள்ளை உப்புப் பொடி. சுவர் நீரைக் கக்கும்போது அதில் கரைந்த உப்பையும் சேர்த்து வெளியே கொண்டுவரும், எண்ணெய்ச் சாயம் அந்த வழியை அடைத்துவிடும். கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. அந்த வீட்டு அக்காவுக்கு நாங்கள் விசிறி ஒன்றைக் கொடுத்தோம், சுரண்டுவதற்கு மச்சான் போனார்.

எங்கள் வீட்டில் ஒன்பதாம் வாரம் எல்லாச் சுவரும் தேறியது, ஒன்றைத் தவிர. குளியலறையை ஒட்டிய நடு அறை மூலை. பிளாஸ்டிக் வைத்தால் தண்ணீர், மீட்டர் வைத்தால் எகிறுகிறது, புள்ளிப் பூஞ்சணம் துடைக்கத் துடைக்கத் திரும்பி வருகிறது. பத்து நாள் அந்த மூலைக்கு மட்டும் விசிறி வைத்தேன். இறங்கவே இல்லை. ஒரு ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு தெருவோரத் தண்ணீர் மீட்டரைப் போய்ப் பார்த்தேன். சின்னச் சிவப்புச் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரை உடைத்தால் குளியலறைக் குழாயின் முழங்கை மூட்டு கசிந்துகொண்டிருக்கிறது, இரும்புப் பைப்பு துருவேறிப் பழுத்துப்போய். வெள்ளத்தால் வந்ததே இல்லை அது. அத்தை யோசித்துப் பார்த்து, "அந்த மூலையில பெட்டி வச்சா எப்பவும் பூசணம் புடிக்கும். நான் தைலம் போட்டு வைப்பேன்" என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். மச்சான் மகள் பிறந்ததிலிருந்து. அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் பாரம் மூன்று படிக்கிறாள்.

பிவிசி பைப்பு மாற்றி, சுவர் பூசி, அந்த மூலை மட்டும் காய இன்னும் ஐந்து வாரம். ஜூன் கடைசியில், தண்ணீர் சார்ந்த மெல்லிய சாயம், இரண்டு கை. சுவர் மூச்சுவிடட்டும் என்றுதான் எண்ணெய்ச் சாயம் பக்கம் போகவில்லை. குசினிக்கு அலுமினிய கேபினட், கால் வைத்தது. மொத்தச் செலவு 6,000 வெள்ளியைத் தொட்டது. அதில் பாதி வயரிங்கும் கேபினட்டும்.

பேப்பர் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் நாள், அலமாரியின் அடித்தட்டில் பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. தாத்தாவின் சிவப்பு ஐசி (அடையாள அட்டை), வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), பிறப்புச் சூரா (சான்றிதழ்), கல்யாணப் படங்கள் என எல்லாமே தண்ணீரோடு. விரித்து வெயிலில் போடப் போன அத்தையைத் தடுத்தேன். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிரியாது, ஈரத்தில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சணம். ஒரே வழி உறையவைப்பது. அப்போது எங்கள் வரிசையில் கரண்ட் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மேட்டில் இருக்கிற கோப்பிக் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போனேன். அவர் ஐஸ்கிரீம் பெட்டியில், மீனுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். நான்கைந்து தாளாகப் பிரித்து, நடுவில் கேக் பேக்கிங் தாள் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே என்ன இருக்கிறது என்று எழுதி அடுக்கினேன். மொத்தம் பதினொரு பொட்டலம்.

வீடு காய்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக எடுத்தேன். தட்டில் ஐஸ் தண்ணீர், அதில் பொட்டலத்தை மெல்ல இளகவிட்டு, ஒட்டிய படங்களை நீருக்கு அடியிலேயே ஓரத்திலிருந்து நழுவவிட்டு, பின்பக்கம் கண்ணாடியில் ஒட்டவைத்து வடியவிட்டு, துணிக்கவ்வியில் தொங்கவிடுவது. ஸ்டூடியோ கறுப்பு வெள்ளைப் படங்கள் அநேகமாக முழுசாக வந்தன. எண்பதுகளின் கலர்ப் படங்களில்தான் ஓரம் வழுக்கிப் போனது. தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் நிறம் தாளிலிருந்து தோலாக உரியும். கடைசியாக வீட்டு பிரிண்டரில் அச்சடித்தவை நீல மையாக ஓடிவிட்டன. லாமினேட் செய்த சூராவின் உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. உரிக்கவில்லை, தாள் இல்லாத ஓரத்தைக் கத்திரித்து, நிற்கவைத்துக் காயவைத்தேன். சிவப்பு ஐசியில் தாத்தாவின் கைரேகை அப்படியே இருக்கிறது.

பத்துப் பொட்டலம் முடிந்தது. கடைசியில் 'கல்யாணம் 1981' என்று எழுதியது ஒன்று இன்னும் தவுக்கே பெட்டியில் கிடக்கிறது. அதைத் திறக்கப் போவதாக நான் சொல்லும் ஒவ்வொரு ஞாயிறும் அத்தைக்கு ஏதோ தையல் அவசரம் வந்துவிடுகிறது. போன வாரம் கோப்பி குடிக்கப் போனபோது, "உங்க படம் எப்ப எடுக்குது? எனக்கு மீனு போடணும்லா" என்று தவுக்கே மறுபடியும் கேட்டார்.